படத்தின் மேல் படம்: ஆல்ஃபா குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வரையும்போது கணினி என்னதான் செய்கிறது?

ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு சின்னக் கணக்குப் போடுகிறது. ஆல்ஃபா என்பது நிறம் கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் எண்: 0 என்றால் வெறுமை, 1 என்றால் முழு மறைப்பு. மேல் நிறத்தை அதன் ஆல்ஃபாவால் பெருக்குகிறது. ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்து, மிச்சத்தால் கீழ் நிறத்தைப் பெருக்குகிறது. பிறகு இரண்டையும் கூட்டுகிறது. தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் படங்களை இணைக்க 12 வழிகளை வகுத்தார்கள். நாம் அன்றாடம் பயன்படுத்தும் இந்த முறைக்கு அதில் ‘ஓவர்’ என்று பெயர்.

கேள்வி: 50 விழுக்காடு ஆல்ஃபா உள்ள அடுக்குகள் இரண்டை வைத்தும் பின்னணி தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். முதல் அடுக்கு பாதியை விடுகிறது, அடுத்தது அந்தப் பாதியில் பாதியை. 25 விழுக்காடு எஞ்சுகிறது.

கேள்வி: ஐயா, பின்னணி நீக்கிய பச்சை இலைப் படத்தைச் சிறிதாக்கி வெள்ளைத் திரையில் வரைந்தேன். ஓரமெல்லாம் அழுக்குப் படிந்தது போல் இருக்கிறது. படம் கெட்டுவிட்டதா?

படம் நன்றாகவே இருக்கிறது. கணக்கின் வரிசைதான் பிசகியிருக்கிறது. என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான் என்பதால் எண்களோடே சொல்கிறேன்.

இலை ஓரத்தில் ஒரு பிக்சல்: பச்சை 200, முழு ஆல்ஃபா. பக்கத்துப் பிக்சல் வெறுமை: ஆல்ஃபா 0. ஆனால் அதற்கும் நிறம் உண்டு, பெரும்பாலும் கறுப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கறுப்புதான் இங்கே குற்றவாளி. படத்தைச் சிறிதாக்கும்போது இரண்டுக்கும் சராசரி எடுக்கப்படுகிறது: பச்சை 100, ஆல்ஃபா பாதி. வெள்ளையின் மேல் வரையும்போது அந்த 100 மறுபடியும் பாதியாகி 50 ஆகிறது; வெள்ளையின் பங்கு (255இல் பாதி) 127 சேர்ந்து பச்சை 177. வரவேண்டியதோ 227. அந்த 50 குறைவுதான் உங்கள் கண்ணில் அழுக்காகப் படுகிறது.

சராசரி எடுக்கும் முன்பே நிறங்களை ஆல்ஃபாவால் பெருக்கிவிடுங்கள். வெறுமைப் பிக்சலின் நிறம் சுழியாகிவிடும், அது எதையும் கெடுக்க முடியாது. சராசரியில் வரும் 100ஐ மறுபடி பெருக்காமல் அப்படியே கூட்டினால் 227 கிடைக்கும். இதுவே முன்பெருக்கிய ஆல்ஃபா. பிஎன்ஜி கோப்பில் நிறங்கள் பெருக்கப்படாமலே இருக்கும் என்பதால், படத்தை ஏற்றும்போதே பெருக்குவது நல்லது.

கேள்வி: அப்படியே செய்தேன். இப்போது ஓரம் இன்னும் கறுத்துவிட்டது!

இருமுறை பெருக்கப்படுகிறது. ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தில் வரைகிறீர்கள் என்றால், கலக்கும் விதியில் மேல் படத்தின் காரணியை ‘ஆல்ஃபா’ என்பதிலிருந்து ‘ஒன்று’ என மாற்றுங்கள். படத்தை ஏற்றும் நிரல் நூலகமே பெருக்கித் தருகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் உங்கள் பெருக்கலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: உலாவியின் கேன்வாஸில் (வலைப்பக்கத்தின் வரைபரப்பில்) பிக்சல் தரவை நேரடியாக எழுதினால் அடியிலிருந்த படம் அழிந்துபோகிறது.

அந்தக் கட்டளை கலக்காது. இருந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். தரவை மறைவான இன்னொரு கேன்வாஸில் எழுதி, அந்தக் கேன்வாஸைப் படமாக இதன்மேல் வரையுங்கள். அடிப்படம் அப்படியே இருக்கும்.