பெட்டியைப் பிரிக்காத ஒன்பது நாள்

கேள்வி: அம்மா, எனக்கு 22 வயது. பயிற்சி முடித்து, மிஷனரியாக இந்தப் பணித்தளத்துக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இங்குள்ள மொழி ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என்னோடு இருக்கும் மூத்த ஊழியர் அக்கா எந்நேரமும் வேலையாக இருக்கிறார். கொண்டுவந்த பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ராத்திரியில் வீட்டுக்குப் போன் செய்து அழுகிறேன். இந்த ஊழியத்துக்கு எனக்கு உண்மையிலேயே தேவனுடைய அழைப்பு இருக்கிறதா?
– ஓர் இளம் மிஷனரி

பதில்: மகளே, முதலில் பெட்டியைப் பிரி. இதைப் படித்து முடித்ததும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நானும் பிரிக்காமல் இருந்தவள்தான். என் பணித்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் ராத்திரி அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. டிரங்குப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் சாய்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்கக்கூட வார்த்தை வரவில்லை. மூன்று ராத்திரி இப்படியே போனது. நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தள்ள, பெட்டி இடித்தது. எட்டிப் பார்த்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. போய் ஒரு சின்ன மரக்கட்டையைக் கொண்டுவந்து, தாழ்ப்பாளில் எப்படிச் செருகுவது என்று காட்டினார். அந்தக் கட்டைக்கு என்ன பெயர் என்று கையைக் காட்டிக் கேட்டேன். அந்த மொழியில் நான் கற்ற முதல் வார்த்தை அதுதான். அன்றைக்குத்தான் பெட்டியையும் பிரித்தேன்.

அழுகை வருவதால் அழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. பழக்கமில்லாத இடத்தில் மனசு தவிக்கத்தான் செய்யும்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல், அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. டென்மார்க் அரசரே அனுப்பி வந்தவர். ஆனாலும் அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தமிழ் ஆசிரியரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த மணல்தான் கண்ணுக்குள் நிற்கிறது. போதிக்க வந்தவர், பிள்ளைகளின் வரிசையில் ஓர் இடம் கேட்டு உட்கார்ந்தாரே! உனக்கும் இப்போது அந்த இடம்தான். உன் தெருப் பிள்ளைகளிடம் போ. ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்டால், பிள்ளைகள் சலிக்காமல் பத்துத் தடவை சொல்லித் தருவார்கள். பெரியவர்கள் இரண்டாம் தடவையே, நாம் தப்பாகச் சொன்னாலும் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உனக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் அவர் முதலில் ஊழியம் செய்தது ஜப்பானில். உடம்பு முடியாமல் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான், 1895-ல் இந்தியா வந்தார். 1951-ல் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் கண்மூடும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. முதல் இடத்தில் நடந்ததை வைத்து அவர் தன் அழைப்பை எடைபோட்டிருந்தால்? நீயோ ஒன்பது நாளை வைத்து எடைபோடுகிறாய்.

அப்புறம், அந்த அக்கா. அவர் வேலையாக இருக்கிறார், சரி. ஆனால் நீ அழுவது அவருக்குத் தெரியுமா? நேரில் போய்ச் சொல். "நாளைக்கு ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா" என்று கேள். வீட்டுக்குப் போன் செய்வதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ராத்திரி படுக்கும் நேரத்தில் வேண்டாம், பகலில் பேசு. சாப்பாடு இறங்கவில்லை என்பதற்காக அதை உபவாசம் என்று பெயர் சொல்லித் தள்ளிப்போடாதே. இந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவள்.

மாதக் கடைசியில் அறிக்கை எழுத வேண்டுமே என்ற பயமும் உனக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்ற கட்டங்களில் எழுத என்னிடம் எதுவுமே இல்லை. தாளின் பின்பக்கத்தில் பக்கத்துப் பதினோரு வீட்டாரின் பெயர்களை எழுதி அனுப்பினேன். முதல் பெயர் அந்தப் பாட்டியுடையது. "அடுத்த மாதமும் பின்பக்கத்தை நிரப்புங்கள்" என்று பொறுப்பாளர் பதில் எழுதினார்.

உன் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெயரைக் கேட்டு எனக்கும் எழுது, மகளே. உன் பெயரோடு சேர்த்து அவர்கள் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன்.