நெடுநேரப் பதிவில் விழும் செயற்கைக்கோள் கோடுகள்

ஆந்திரோமெடா விண்மீன் மண்டலத்தை ஐந்து நிமிட எக்ஸ்போஷரில் (கேமரா ஒளியைத் தொடர்ந்து பதிவு செய்யும் நேரம்) எடுத்த படங்களில் பாதிக்கு மேல் செயற்கைக்கோள் கோடுகள் விழுந்துள்ளதாகவும், அந்தப் படங்களை நீக்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீக்க வேண்டியதில்லை. கோடு ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுவதால், படங்களை அடுக்கும்போது (ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே படமாக்கும்போது) வெறும் சராசரிக்குப் பதிலாக 'சிக்மா கிளிப்பிங்' முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு புள்ளியில் மற்றப் படங்களின் மதிப்பிலிருந்து மிகவும் விலகி நிற்கும் ஒளியை மென்பொருளே ஒதுக்கிவிடும். ஆனால் நான்கைந்து படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இம்முறையை நம்புவது வீண். ஆகவே எக்ஸ்போஷரை ஒன்றிரண்டு நிமிடமாகக் குறைத்து, மொத்த நேரம் குறையாதபடி படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நேரத் தேர்வும் உதவும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள் போன்றவை சூரிய ஒளியைப் பிரதிபலிப்பதாலேயே தெரிகின்றன என்பதால், மாலை இருட்டியதும் விடியலுக்கு முன்பும் மிகுந்த தொல்லை தரும் அவற்றில் பெரும்பாலானவை நள்ளிரவை ஒட்டிப் புவியின் நிழலுக்குள் மறைந்துவிடும். (துருவங்களை நெருங்கிய பகுதிகளின் கோடை இரவுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.)

ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களின் ஒளியளவை அளக்க எடுத்த படமானால் மட்டும், கோடு அந்த விண்மீனையோ அதன் ஒளியை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்பீட்டு விண்மீனையோ தொட்டிருக்கும் படத்தைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள்.