விக்கிப்பீடியாவில் மரங்களைப் பற்றி எழுத தாவரவியல் படித்திருக்க வேண்டுமா? எழுதினால் அழித்துவிடுவார்களா?

முதல் கேள்விக்கு, வேண்டியதில்லை. இரண்டாவதுக்கு, அழிப்பார்கள், ஆனால் உங்களிடம் பட்டம் இல்லை என்பதற்காக இல்லை, சான்று இல்லை என்பதற்காக. யாரோ உங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் படித்தது வணிகவியல். ஊர் விருத்தாசலம். எங்கள் விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி, நினைவு தெரிந்த நாளாகப் பார்க்கிற மரம். ஒருநாள் விக்கிப்பீடியாவில் யாரோ வன்னி என்று போட்டிருந்த ஒரு படம் கண்ணில் பட்டது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது சீமைக் கருவேலம். இலையைத் தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், முள்ளைப் பார்க்க வேண்டும். சீமைக் கருவேலத்தில் இலை கிளம்புகிற கணுவில்தான் முள் இருக்கும், பெரும்பாலும் இரண்டிரண்டாக. வன்னியில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டில் குட்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். காயும் வேறு, வன்னிக்காய் மெலிசாக நீண்டு தொங்கும், மற்றது பழுத்தால் மஞ்சளாகத் தடித்துவிடும்.

ஒரு படத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பவர்களுக்கு: 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வெட்டினார்கள். எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் அதோடு சேர்த்து வன்னியையும் சாய்த்துவிட்டார்கள். கையில் செல்போன் இருக்கிறவர் தேடிப் பார்க்கும்போது சரியான படம் வர வேண்டாமா?

படத்தை நீக்கினேன், மறுநாளே திரும்ப வந்துவிட்டது. உரையாடல் பக்கத்தில் "சான்று?" என்று ஒரே வார்த்தை. "பிறந்ததிலிருந்து பார்க்கிற மரம்" என்பது அங்கே செல்லாது, சொந்த ஆய்வு என்பார்கள். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது அந்த விதி சரி என்றே சொல்வேன், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் கட்டுரைக்குள் வந்துவிடும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் திருச்சி ரபினாட் உலர்தாவரகத்தை (காயவைத்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) நிறுவிய மேத்யூ அடிகளாரின் நூலிலிருந்து முள், காய் விவரங்களைப் பக்க எண்ணோடு எடுத்துப் போட்டார். நான் முள்ளையும் பூவையும் காயையும் கிட்டத்தில் படம் எடுத்துப் பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளம்) ஏற்றினேன். நாம் பார்த்ததை எழுத்தில் வைக்க முடியாது, படமாக வைக்கலாம், இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. அப்புறம் வேறொருவர் ராஜஸ்தான் பகுதியைச் சேர்த்தார்: வன்னி அங்கே மாநில மரம், காயைச் சாங்கிரி என்று சமைக்கிறார்கள், 1730-இல் கேஜர்லியில் அந்த மரங்களை வெட்ட விடாமல் தடுத்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரை விட்டார்கள். இன்னொருவர் வந்து, சீமைக் கருவேலத்தை 2022-இல் வன்னி இருக்கிற புரோசோபிஸ் பேரினத்திலிருந்து (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) பிரித்து நெல்டுமா என்ற பேரினத்தில் வைத்ததைச் சான்றோடு குறித்தார். இதில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நீங்கள் இல்லாமல் அந்தக் கட்டுரை நின்றிருக்காது. ஆனால் மரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவரும் வேண்டும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

பட்டையைப் படம் எடுக்கப் போகும்போது ஒன்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சாலையோரத்தில் ஆணி அடிக்காத மரமே கிடைப்பதில்லை. டியூஷன், மூலம் பௌத்திரம், வீட்டுமனை என்று ஒரு புளியமரத்தில் அத்தனை தகரப் பலகை. பலகை விழுந்த பிறகும் ஆணி உள்ளேயே இருக்கிறது, சுற்றிப் பட்டை வீங்கி நிற்கிறது. அடியில் வேர் மூச்சுவிட இடமில்லாமல் சிமென்ட் வேறு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கே போய்ச் சொல்வது?

சரி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மரம் ஒன்றை எடுங்கள். இலை, பூ, காய், பட்டை நான்கையும் தெளிவாகப் படம் எடுத்து முதலில் அதை ஏற்றுங்கள். எந்த மரம் என்று கீழே கருத்தில் எழுதினால், கட்டுரையில் என்ன குறைகிறது என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.