பின்னால் வந்தவரை ஏன் முதலில் பார்த்தார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. போன மாதம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கடுமையான வயிற்று வலி, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். பி.பி. பார்த்துவிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரம் யாரும் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த மூன்று பேரை உள்ளே கூட்டிப்போனார்கள். கேட்டதற்கு நர்ஸ் எரிந்து விழுந்தார். கடைசியில் அல்சர் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஆள் பார்த்துத்தான் வைத்தியமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: அப்பா நலம் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஓ.பி.யில் டோக்கன் வரிசை உண்டு, அவசரப் பிரிவில் கிடையாது. வாசலிலேயே பி.பி., நாடித்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்த இரண்டு நிமிடத்தில்தான் யார் முதலில் என்பது முடிவாகிறது. இதற்கு ட்ரையேஜ் என்று பெயர். நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்த லாரே, பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார் என்று சொல்லித் தொடங்கிவைத்த வழக்கம். நம் ஊர்ப் பெரிய அரசு மருத்துவமனைகளில் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நெஞ்சு வலி என்று ஒருவர் நடந்தே வந்திருப்பார், பார்க்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும், ஆனால் அவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் கை கால் விழுந்து வருபவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்களுக்குப் பின்னால் வந்த மூவர் அப்படிப்பட்டவர்களாக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் சொன்னாலும், உங்கள் அப்பா விஷயத்தில் தவறு நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் வரும். 63 வயதுக்காரரை உட்கார வைத்தால், நடுவில் ஒரு தடவையாவது மறுபடி பி.பி., நாடி பார்த்திருக்க வேண்டும், இ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும், "உள்ளே ஒரு உயிர் ஊசலாடுகிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எத்தனை கூட்டம் என்றாலும் அதற்கு நேரம் உண்டு. இன்னொரு முறை இப்படி நடந்தால், "எவ்வளவு நேரம் ஆகும்" என்று கேட்காதீர்கள், என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள்: "அப்பாவுக்கு வியர்க்கிறது", "வாந்தியில் ரத்தம்", "மலம் கருப்பாகப் போனது", "கூப்பிட்டால் மந்தமாகப் பார்க்கிறார்". இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் எந்த நர்ஸும் எழுந்து வருவார். காத்திருக்கும்போது டீ, இட்லி எதுவும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது சிக்கல்.

கேள்வி: சளி, காய்ச்சலுக்கெல்லாம் ராத்திரியில் வருபவர்களைத் திருப்பி அனுப்பினாலே கூட்டம் குறைந்துவிடுமே, ஏன் செய்வதில்லை?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நினைத்தேன். காய்ச்சல்காரரைப் பார்க்க ஐந்து நிமிடம், அவர் படுக்கையையும் பிடிப்பதில்லை. நான் ட்யூட்டி பார்த்த ஒரு இரவில் பன்னிரண்டு படுக்கையில் ஒன்பது பேர், அட்மிஷன் போட்டாகிவிட்டது, ஆனால் மேலே வார்டில் இடம் இல்லை என்று காலை வரை எங்களிடமே கிடந்தார்கள். மீதி மூன்று படுக்கையை வைத்துக்கொண்டுதான் ராத்திரி முழுக்க வந்தவர்களைப் பார்த்தோம். வாசல் திறந்திருக்கிறது, கொல்லைப்புறம் அடைத்திருக்கிறது, அதுதான் நெரிசல். வார்டில் வீட்டுக்குப் போகலாம் என்று காலையிலேயே சொன்னவர், சம்மரி எழுதி, கையெழுத்தாகி, பணமோ காப்பீட்டு அனுமதியோ வந்து கிளம்பும்போது சாயங்காலம் ஆகிவிடுகிறது. அந்த டிஸ்சார்ஜை மத்தியானத்துக்கு முன்னால் முடித்தால் கீழே ஒரு ஸ்ட்ரெச்சர் காலியாகும். பிரிட்டனில் நாலு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று 2004இல் விதி வைத்தார்கள், 98 சதவீதம் என்ற இலக்கை 2010இல் 95 ஆக இறக்கினார்கள், இன்றும் அவர்களைப் படுத்துவது மேலே காலியாகாத படுக்கைதான்.

அப்புறம், திருப்பி அனுப்புவது ஆபத்தும்கூட. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று அனுப்பிவிட்டன, கடைசியில் தனியாரில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்து 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. காய்ச்சல் என்று வரும் பத்துப் பேரில் ஒருவர் டெங்குவில் ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவராக இருக்கலாம், பார்க்காமல் எப்படி அனுப்புவது? போகலாமா வேண்டாமா என்று வீட்டில் குழம்பினால் 104க்கு போன் செய்து கேளுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு என்றால் யோசிக்காமல் 108.