அறையில் கம்ப்யூட்டர், கூடத்தில் டிவி: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: மாடி அறை டெஸ்க்டாப்பில் 3 டெராபைட் அளவுக்குப் படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். கீழே கூடத்தில் கூகுள் டிவி. இரண்டையும் இணைக்க ‘வயர்லெஸ் ஹெச்டிஎம்ஐ’ பெட்டி வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். கம்ப்யூட்டரில் உள்ள கோப்பு டிவிக்குப் போனால் போதும். கம்ப்யூட்டரின் திரை போக வேண்டிய அவசியமே இல்லை. திரையை அனுப்பினால் கம்ப்யூட்டர் படத்தை ஓட்ட வேண்டும், பெட்டி அதை மறுபடி சுருக்க வேண்டும். தரமும் போகும், தாமதமும் சேரும். அட்டையில் போட்டிருக்கும் 30 மீட்டர், 50 மீட்டர் எல்லாம் நடுவில் சுவரே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. 60 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பெட்டிகளுக்கு ஒரு செங்கல் சுவரே பெரும் தடை. 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் கான்கிரீட் தளத்தின் வழியே திணறும்.

கம்ப்யூட்டரில் உள்ள படங்களை வீட்டு நெட்வொர்க் வழியே டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8096 என்று அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் வரும். ஒரு பயனர் பெயர் கொடுத்து, படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும். கோப்புப் பெயரில் படத்தின் பெயரும் அடைப்புக்குள் ஆண்டும் இருந்தால் போஸ்டரும் விவரமும் தானே வந்துவிடும். பிறகு டிவியின் பிளே ஸ்டோரில் ஜெல்லிஃபின் ஆப்பை இறக்கி, கம்ப்யூட்டரின் ஐபி முகவரியையும் (வீட்டு நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்) 8096-ஐயும் கொடுங்கள். பிளெக்ஸும் இதே வேலையைச் செய்யும். ஆனால் கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு வீடியோவை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் வசதிக்கு அதில் பணம் கட்ட வேண்டும். ஜெல்லிஃபினில் அதுவும் இலவசம்.

டிவிக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். விண்டோஸ் உங்கள் வைஃபையை ‘பப்ளிக்’ என்று குறித்து வைத்திருக்கும். அதை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அல்லது டிவி ரௌட்டரின் ‘கெஸ்ட்’ (விருந்தினர்) நெட்வொர்க்கில் இருக்கும். அங்கே ஒரு கருவிக்கு இன்னொன்று தெரியாது. இன்று ஓடியது நாளை ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி மாறியிருக்கும். ரௌட்டர் செட்டிங்ஸில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது, படம் விட்டுவிட்டு ஓடுவது. கம்ப்யூட்டரும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒரே தரவு காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். செலவு செய்வதானால் முதலில் கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தரும். இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் பொருள்களில் பயனுக்கேற்ற விலை இதற்குத்தான். டிவி பக்கம் கொஞ்சம் வேடிக்கையானது. பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. சாதாரண 1080பி படத்துக்கு 8 முதல் 15 எம்பிபிஎஸ் போதும் என்பதால் கவலையில்லை. சுருக்காமல் டிஸ்க்கிலிருந்து எடுத்த 4கே படம் சில காட்சிகளில் 100-ஐத் தாண்டும். அங்கே லேன் கேபிள் தோற்று, அருகிலுள்ள ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஜெயிக்கும்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்றால் ஒலி டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஒலி வடிவில் இருக்கிறதா பாருங்கள். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை நிறுத்திவிட்டது. மற்ற சில நிறுவனங்களின் மாடல்களிலும் இல்லை. ஒலியை மட்டும் மாற்றுவது சர்வருக்கு, அதாவது ஜெல்லிஃபின் ஓடும் உங்கள் கம்ப்யூட்டருக்கு, லேசான வேலைதான். சப்டைட்டில்தான் பாடாய்ப்படுத்தும். வசனம் எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி கோப்பு என்றால் எழுத்தாகவே டிவிக்குப் போய்விடும். ப்ளூ-ரேயில் வரும் பட வடிவச் சப்டைட்டிலைச் சில டிவி ஆப்கள் ஏற்காது. அப்போது சர்வர் அதை வீடியோவின் மேலேயே பதித்து முழுப் படத்தையும் மாற்றி அனுப்பும். 4கே-யில் பழைய பிராசசர் அங்கேயே மண்டியிடும். தமிழ்ச் சப்டைட்டில் புரியாத குறிகளாக வந்தால் நோட்பேடில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, என்கோடிங்கை யூடிஎஃப்-8 என மாற்றிச் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை 24 மணி நேரமும் ஓடவிட்டால் இரண்டு மாத பில்லில் 72 யூனிட். இலவச யூனிட்டில் ஒரு பெரிய பங்கு அதற்கே போய்விடும். படம் பார்க்காத நேரத்தில் தூங்கவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் பொத்தானையும் கே-யையும் சேர்த்து அழுத்தி லேப்டாப் திரையை டிவிக்கு அனுப்புகிறேன். மவுஸ் ஒரு நொடி கழித்து நகர்கிறது, இடையிடையே இணைப்பு அறுகிறது. நெட்ஃபிளிக்ஸ் போட்டால் கறுப்புத் திரை. டிவியை மாற்ற வேண்டுமா? (மதுரை)

பதில்: டிவி மேல் பழி இல்லை. நீங்கள் பயன்படுத்துவது மிராகாஸ்ட். அது ரௌட்டர் வழியே போகாமல் லேப்டாப்புக்கும் டிவிக்கும் நேரடியாக ஒரு வைஃபை இணைப்பைப் போட்டுக்கொள்ளும். ஒரே வைஃபை சிப் இணையத்தையும் பார்த்து, திரையையும் அனுப்ப வேண்டும். லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5-க்கு மாற்றுங்கள். டிவிக்கு 5 மீட்டருக்குள், நடுவில் சுவரில்லாமல் வையுங்கள். அதற்கு மேலும் கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும். ஸ்லைடு காட்ட, எக்ஸெல் காட்ட இது சரி. தட்டச்சு செய்துகொண்டே வேலை பார்க்க ஆகாது.

பிரவுசரில் ஓடும் வீடியோவுக்கு குரோமின் மூன்று புள்ளி மெனுவில் உள்ள ‘காஸ்ட்’ மேல். யூடியூப் போன்ற தளங்களில் வீடியோவின் மேலேயே காஸ்ட் பொத்தான் இருந்தால் அதைத்தான் அழுத்த வேண்டும். அப்போது டிவியே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். லேப்டாப் வெறும் ரிமோட். நெட்ஃபிளிக்ஸ் கறுப்பாவது காப்புரிமைப் பாதுகாப்பால். டிவியில் உள்ள ஆப்பிலேயே பாருங்கள்.

கேள்வி: மகனின் கேமிங் பிசியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதைக் கூடத்து டிவியில் விளையாட என்ன வாங்க வேண்டும்? (சென்னை)

பதில்: மென்பொருளுக்குச் செலவே இல்லை. பிசியில் ஓடும் கேமை டிவிக்கு அனுப்பும் தன் கேம்ஸ்ட்ரீம் வசதியை என்விடியா 2023-இல் நிறுத்தியது. அந்த இடத்தை இப்போது சன்ஷைன் என்ற இலவச மென்பொருள் நிரப்புகிறது. அனுப்ப பிசியில் சன்ஷைன், வாங்கிக் காட்ட டிவியில் மூன்லைட் ஆப். மூன்லைட் காட்டும் 4 இலக்க பின் எண்ணை பிசியில் லோக்கல்ஹோஸ்ட்:47990 பக்கத்தில் கொடுத்தால் இணைந்துவிடும். ஸ்டீமில் வாங்கிய கேம்கள் மட்டும்தான் என்றால் ஸ்டீம் லிங்க் ஆப் இன்னும் எளிது.

பிசி கட்டாயம் லேன் கேபிளில் இருக்க வேண்டும். முதலில் 1080பி, 60 ஃபிரேம், 20 எம்பிபிஎஸ் வைத்துப் பாருங்கள். சீராக ஓடிய பிறகு ஏற்றலாம். டிவியில் ‘கேம் மோட்’ போடாவிட்டால் மற்றதெல்லாம் வீண்: படத்தை அழகுபடுத்தும் வேலையிலேயே பல டிவிகள் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தின்றுவிடும். மூன்லைட்டில் புள்ளிவிவரத் திரையைப் போட்டால் ‘நெட்வொர்க்’, ‘டிகோடிங்’ (சுருக்கி வந்த படத்தை டிவி விரிப்பது) தாமதங்கள் தனித்தனியே தெரியும். டிகோடிங் மட்டும் 20 மில்லிசெகண்டுக்கு மேல் என்றால் டிவியின் சிப் சோம்பேறி. அப்போது மட்டும் டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் சொருகும் தனி ஸ்டிக் வாங்குவது நியாயம். ஸ்டிக் வாங்கும் முன் மூன்லைட் அதில் கிடைக்கிறதா பாருங்கள். 2025-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டில் ஓடுவதல்ல, வேகா என்ற வேறு ஓஎஸ். பழைய ஸ்டிக்குகளில் போட்ட ஆப்களை எல்லாம் அதில் எதிர்பார்க்க முடியாது. ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுக்காதீர்கள். பல போர்ட்கள் 500 மில்லிஆம்பியர்தான் தரும். ஸ்டிக் நடு ஆட்டத்தில் அணைந்து எழும்.

மானிட்டரை அணைத்தால் டிவியிலும் படம் போகிறது என்றால் பிசிக்குத் திரையே இல்லாமல் போய்விட்டது என்று பொருள். மானிட்டர் இருப்பதுபோல் பிசியை நம்பவைக்கும் ஹெச்டிஎம்ஐ ‘டம்மி பிளக்’ ஒன்றைச் சொருகினால் சரி. கூடத்திலிருந்தே பிசியை எழுப்ப பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) ‘வேக் ஆன் லேன்’ போட்டு, விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 12 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் ‘8கே’ என்று வாங்கினேன். 1080பி வருகிறது, 4கே வைத்தால் ‘நோ சிக்னல்’. (திருச்சி)

பதில்: செம்புக் கம்பியில் 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் வரை நம்பலாம், அதற்கு மேல் அதிர்ஷ்டம். 12 மீட்டருக்கு, கண்ணாடி இழையில் ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் வழி. அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ முனை கம்ப்யூட்டருக்கு, ‘டிஸ்ப்ளே’ முனை டிவிக்கு. மாற்றிச் சொருகினால் ஒன்றும் வராது; சுவருக்குள் இழுக்கும் முன் தரையில் விரித்துச் சோதியுங்கள். சாதாரண ஹெச்டிஎம்ஐ தலை 20 மி.மீ. பைப்பில் நுழையாது. தலை கழற்றக்கூடிய மாடல்கள் கிடைக்கின்றன. கூர்மையாக மடித்தால் உள்ளே கண்ணாடி இழை உடையும். வளைவை அகலமாக விடச் சொல்லுங்கள்.

‘8கே’, ‘2.1’ என்ற எழுத்துகளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று லேபிளில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் குறியீடு இருக்கும், அதைப் பாருங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் டிவியின் ஓரங்கள் வெட்டப்படுகின்றன, எழுத்து மங்கல். (ஈரோடு)

பதில்: படத்தின் அளவு செட்டிங்ஸில் எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’. அந்த ஹெச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் எழுத்தும் தெளியும்.

கேள்வி: ஆன்லைனில் ‘4கே’ என்று வாங்கிய ஆண்ட்ராய்டு பெட்டி 1080பி மட்டுமே தருகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார் விற்பனையாளர். (சேலம்)

பதில்: முதலில் உறுதி செய்யுங்கள். 4கே கோப்பை ஏற்று 1080பி-யாகக் காட்டும் பெட்டிகளை ‘4கே சப்போர்ட்’ என்று விற்கிறார்கள். பெட்டியின் செட்டிங்ஸில் அதிகபட்சத் தெளிவை வைத்துவிட்டு டிவி ரிமோட்டில் ‘இன்ஃபோ’ அழுத்துங்கள். உள்ளே வரும் சிக்னலின் அளவு தெரியும்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகள். விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள்; 48 மணி நேரத்தில் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளம் வழியே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. சேலத்திலேயே தொடரலாம், விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது; 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பில்லோடு விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றே எடுத்து வையுங்கள்; புகார் போன பிறகு அந்தப் பக்கம் மாறிவிடலாம்.