போரிலும் வெள்ளத்திலும் இடம்பெயர்ந்தவர்களை யார், எப்படி எண்ணுகிறார்கள்?

கேட்டவர் கேள்விக்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறார்: "இத்தனை லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர் என்று செய்தியில் வருகிறதே, உயிருக்கு ஓடுகிறவர்களை யார் நின்று எண்ணுகிறார்கள்? சிங்கப்பூரில் இருந்துகொண்டு நன்கொடை கொடுக்கிற நாம் அந்த எண்ணை நம்பலாமா?"

நான் இந்த இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறேன். சின்ன வயதில் எண்ணப்பட்டவன். பிறகு சிங்கப்பூர் வந்து, மற்றவர்கள் எண்ணி அனுப்பிய பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2011 ஜனவரியில் இலங்கையின் கிழக்கில் பெரிய வெள்ளம். பத்து லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், மட்டக்களப்புப் பக்கம் நிலைமை மிக மோசம். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் கடை மாடியில் நாங்கள் ஆறேழு பேர் கூடினோம். பணம் சேர்ந்துவிட்டது. சாமான்களை இங்கிருந்து அனுப்பாமல் அங்கேயே வாங்கிக் கொடுப்பது என்று முடிவு. எங்கே எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று அங்குள்ள ஒரு குழு எக்ஸெல் பட்டியல் அனுப்பியிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்று: 62 குடும்பம், 310 பேர். கோயில் மண்டபம்: 41 குடும்பம், 205 பேர். அடுத்தது 28 குடும்பம், 140 பேர். மூன்றாவது வரியில் எனக்கு உறுத்தியது. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பட்டியல் முழுக்க ஐந்தால் பெருக்கின கணக்கு.

பள்ளிக்கூடத்தில் பொறுப்பாக இருந்த ஆசிரியருக்குப் போன் போட்டேன். "சேர், 310 பேர் என்று இருக்கிறதே, ஆளாளாக எண்ணினதா?" என்றேன். அவர் மறைக்கவில்லை. "இல்ல தம்பி. குடும்பம் எத்தினை என்டுதான் கேட்டாங்க. அஞ்சால பெருக்கிக் குடுத்தம். ஆக்கள எண்ண எங்க நேரம்?" மறுநாள் காலை வகுப்பறை வகுப்பறையாகப் போய் எண்ணிச் சொன்னார். 227 பேர். பால்குடிப் பிள்ளைகள் 19. தனியாக இருந்த வயதான பெண்கள் 11, ஒவ்வொருவரும் பட்டியலில் ஒரு குடும்பம். இலங்கையில் சராசரிக் குடும்பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர்தான். ஆனால் அந்தச் சராசரியும் எங்களுக்கு உதவியிருக்காது. எத்தனை பாய் வாங்குவது என்பதற்கு 227 வேண்டும். எத்தனை பால்மா என்பதற்கு 19 வேண்டும். பெருக்கிய கணக்கில் அந்த 19 கிடையாது.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். இரவு பகலாகக் கஞ்சி காய்ச்சியவர் அவர். அவரிடம் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இனி நான் எண்ணப்பட்ட கதை. 1995 அக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் வெளியேறியது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம், மழை, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே பாதை. எனக்கு அப்போது பதினொரு வயது. கோண்டாவிலில் இருந்து நடந்து நாங்கள் போய்ச் சேர்ந்தது மீசாலையில் அம்மாவின் சின்னம்மா வீடு. ஒரு வீடு, ஒரு கிணறு, 34 பேர். சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நிரம்பி வழிந்தன. நிவாரணம் கொண்டுவந்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்குத்தான் போனார்கள். அதில் தப்பில்லை, அங்கேதானே சனம் கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் ஒரு வேலிக்குப் பின்னால் இருந்தோம். வெளியில் இருந்து பார்த்தால் அது சாதாரண வீடு. மூன்று கிழமை எங்களை யாரும் எண்ணவில்லை.

பிறகு ஒருநாள் எங்கள் விதானையார், அதாவது கிராம அலுவலர், சைக்கிளில் வந்தார். அவரும் எங்களோடு இடம்பெயர்ந்தவர்தான், அவர் குடும்பமும் எங்கோ ஒரு கொட்டிலில். தன் பிரிவுச் சனம் எந்தெந்த வீட்டில் ஒதுங்கியிருக்கிறது என்று ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடிக்கொண்டு வந்தார். கொப்பி நனையாமல் சொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். "பெரியாக்கள் எத்தினை பேர், பிள்ளைகள் எத்தினை பேர், கைக்குழந்தை இருக்கோ?" என்று கேட்டு எழுதினார். அடுத்த கிழமை சங்கக் கடையில் (கூட்டுறவுக் கடை) அரிசி, மா, பருப்பு, சீனி கிடைத்தது. அம்மா அந்த நிவாரண அட்டையை இன்றும் வைத்திருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இன்று உலகம் முழுக்க நடக்கிற வேலையின் அடிப்படையும் அந்த விதானையாரின் கொப்பிதான். இப்போது இதைப் பெரிய அளவில் செய்வது புலம்பெயர்தலுக்கான சர்வதேச அமைப்பு, எல்லோரும் ஐஓஎம் என்பார்கள். டிடிஎம் (இடப்பெயர்வைத் தொடர்ந்து கண்காணிக்கும் முறை) என்ற பெயரில் 2004இல் ஈராக்கில் தொடங்கினார்கள். பிறகு சண்டையும் பேரிடரும் வந்த பல நாடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பெயரைக் கேட்டால் செயற்கைக்கோளும் கணினியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேலை தொடங்குவது ஊர் விவரம் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்பதில்தான். கிராம அலுவலர், தலைமை ஆசிரியர், பள்ளிவாசல் பொறுப்பாளர், சுகாதாரத் தாதி என்று யாராகவும் இருக்கலாம். உங்கள் பகுதிக்கு எத்தனை குடும்பம் வந்தது, எங்கிருந்து, எப்போது, எங்கே தங்கியிருக்கிறது, திரும்பிப் போனவர்கள் எத்தனை? ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டு ஒப்பிடுவார்கள், சில இடங்களுக்கு நேரில் போய்ப் பார்ப்பார்கள். அப்புறம் சில வாரம் கழித்து அதே இடங்களில் மறுபடியும் கேட்பார்கள். இந்த மறுபடியும்தான் முக்கியம். இடம்பெயர்ந்தவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு முறை எடுத்த கணக்கு அடுத்த மாதமே பழசாகிவிடும்.

பேருந்து நிலையத்திலும் எல்லைக் கடவையிலும் நின்று, போகிறவர் வருகிறவரை எண்ணுவது தனி வேலை. இதை முன்னதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே ஆள் ஒரு வாரத்தில் மூன்று முறை அந்த எல்லையைக் கடக்கலாம், அது மூன்று என்று பதிவாகும். செய்திகளில் சில சமயம் இதை எடுத்து "இடம்பெயர்ந்தவர்" என்று போட்டுவிடுகிறார்கள். படிக்கும்போது கவனியுங்கள்.

முகாமில் எண்ணுவது எளிது, அங்கே வாசல் இருக்கிறது. நம் செம்பவாங்கில் 25 ஹாக்கின்ஸ் ரோட்டில் 1978இல் இருந்து 1996 வரை வியட்நாம் அகதிகள் முகாம் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பதிவேடு போதும். ஆனால் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 2024 முடிவில் 8 கோடி 34 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் முகாமுக்கு வெளியே, சொந்தக்காரர் வீட்டிலும் வாடகை அறையிலும் பாதி கட்டிய கட்டடத்திலும் இருக்கிறார்கள். மீசாலையில் நாங்கள் இருந்த மாதிரி.

கைபேசியை வைத்து எண்ணலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். 2010 ஜனவரி 12 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் 19 லட்சம் சிம் அட்டைகள் எந்தக் கோபுரத்தில் இருந்து எந்தக் கோபுரத்துக்கு நகர்ந்தன என்று பெயரில்லாமல் பார்த்தார்கள். 19 நாளில் தலைநகரை விட்டு ஏறக்குறைய 630,000 பேர் போயிருப்பார்கள் என்று கணக்கு வந்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்பது பிறகு வீடு வீடாக எடுத்த ஆய்வோடும் நன்றாகப் பொருந்தியது. நல்ல கருவிதான். ஆனால் பால்குடிப் பிள்ளையிடம் சிம் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது பெரும்பாலும் ஆணின் பையில் இருக்கும். கோபுரம் விழுந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது.

ஹெய்ட்டியில் இன்னொரு பாடமும் உண்டு, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 2010 நடுவில் முகாம்களில் 15 லட்சம் பேர் இருந்தார்கள். 2011 மார்ச்சுக்குள் அது ஏழு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. கேட்க நல்ல செய்தி. ஆனால் வீடு கட்டிக்கொண்டு போனவர்களோடு, நிலத்துக்காரர் துரத்தியதால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்களும் அந்தக் குறைவில் இருந்தார்கள். எண் குறைந்தால் துன்பம் குறைந்தது என்று அர்த்தமில்லை. எங்கே போனார்கள் என்று கேட்கிற ஆள் வேண்டும். இலங்கையிலும் இதே சிக்கல்தான். வடக்கில் இருந்து 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் பத்து இருபது வருடம் இருந்தார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களை எந்த நாளில் இருந்து "இடம்பெயர்ந்தவர் அல்லர்" என்று எழுதுவது? பட்டியலில் இருந்து ஒரு பெயரை அடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

எண் குறைவாகச் சொல்லப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 2009 தொடக்கத்தில், கடைசிக்கட்டப் போர் நடந்த வன்னிக்குள் ஏறக்குறைய 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று இலங்கை அரசு சொன்னது. உள்ளேயே இருந்த கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) அலுவலர்கள் சொன்ன எண் அதைவிடப் பல மடங்கு. உணவும் மருந்தும் சின்ன எண்ணுக்குத் தகுந்தபடிதான் போயின. போர் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 280,000 பேர் வரை. ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011 அறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறது. அந்த மாதங்களில் நாங்கள் சிங்கப்பூரில் இரவெல்லாம் விழித்திருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் ரயில்பாதை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏழாயிரம் அளவில் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலும் பெயரோடு. மலாயாவில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு இன்றுவரை மதிப்பீடுதான். ராணுவத்திடம் பட்டியல் இருந்தது, தோட்டத்து ஆட்களுக்கு யாரும் பட்டியல் போடவில்லை.

அதற்காக எல்லோருடைய பெயரையும் எழுதி வைத்துவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு வைத்திருந்த தரவு களவு போனது. குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என 515,000 பேருக்கு மேற்பட்டோரின் விவரம். பங்களாதேஷில் ரொஹிங்கியா அகதிகளிடம் வாங்கிய விவரங்கள், அவர்கள் யாரிடம் இருந்து தப்பி ஓடி வந்தார்களோ அந்த மியன்மார் அரசின் கைக்கே போனதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021இல் வெளிப்படுத்தியது. இந்த இடத்தில் இத்தனை பேர், இத்தனை குழந்தைகள், தண்ணீர் இவ்வளவு தூரம் என்று இருந்தால் லாரியை அனுப்பப் போதும். அட்டை கொடுக்கும்போதுதான் பெயர் வேண்டும். நாங்களும் ஒரு முறை பெயரும் போன் நம்பரும் உள்ள பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம். மறுநாள் ஒருவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. இனி அப்படிச் செய்வதில்லை.

சரி, நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம்பலாம், ஆனால் எண்ணோடு தேதியும் எண்ணின விதமும் இருக்க வேண்டும். நீங்கள் பணம் கொடுக்கிற குழுவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இது என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது, ஆளை எண்ணினார்களா குடும்பத்தை எண்ணினார்களா? நன்றாக வேலை செய்கிறவர்கள் இதற்குக் கோபப்படமாட்டார்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். பதிலில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தால் அதற்காகப் பணத்தை நிறுத்திவிடாதீர்கள். முதல் மூன்று நாளில் யாரிடமும் சரியான எண் இருக்காது, அப்போது தோராயக் கணக்கை வைத்துத்தான் அரிசி ஏற்ற வேண்டும். இரண்டாவது கிழமையும் அதே எண் அப்படியே வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் குழு இப்போது அனுப்புகிற படிவத்தில் "சொந்தக்காரர் வீடுகளில் இருப்போர்" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக வந்தால் போன் போட்டு விசாரித்த பிறகுதான் அடுத்த தவணைப் பணத்தை அனுப்புகிறோம்.