நூலக அட்டை ஒன்று எடுத்துப் பாருங்கள்

வேலை போனதால் வீட்டு இணையத்தை நிறுத்திவிட்டதாகவும், விண்ணப்பம் அனுப்ப வழியில்லை, விடுமுறையில் பிள்ளைகளையும் சமாளிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பக்கத்துப் பொது நூலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். கணினி, வைஃபை பெரும்பாலும் இலவசம். அச்செடுக்கத்தான் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கோப்பைப் பிடிஎஃப்பாகவே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வரிகள் இடம் மாறி அசிங்கமாக வரும்.

சில நூலகங்கள் அருங்காட்சியக அனுமதிச் சீட்டையும் புத்தகம் போலவே இரவல் தருகின்றன. வார இறுதிக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். செவ்வாய், புதனுக்குக் கேளுங்கள். அப்புறம், நூலக மின்னூல்களை இரவல் தரும் ‘லிபி’ (Libby) செயலியில் உங்கள் நூலகம் இருந்தால் மின்னூல், ஒலிநூலை நூலக வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளலாம். கெடு முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும், அபராதப் பேச்சே இல்லை. இதெல்லாம் எப்போதும் பலகையில் எழுதியிருக்காது, கூச்சப்படாமல் கவுன்டரில் கேளுங்கள்.